பேராடும் பேரேடும்: ‘கட்டளை’ என்றொரு சொல்

பாட்டி போன பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது, ஜாதகக் கட்டுக்கு அடியில் ஒரு ரசீது கிடைத்தது. நான்காக மடித்து மடிப்பெல்லாம் இற்றுப்போன தாள். 1974ஆம் ஆண்டு. தொகை ரூ. 500. பங்குனி உத்திரத்தன்று உச்சிக்காலத்தில் சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம், தாத்தாவின் பெயரில், வருஷா வருஷம். தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘சாசுவதக் கட்டளை’ என்று அச்சிட்டிருந்தது.

கோயில் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். கணக்கர் பழைய பேரேட்டைத் தேடியெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெயர் இருந்தது. “இருக்கு சார், ஆனா வருஷ வட்டி முப்பத்தஞ்சு ரூபா. அரைக் கிலோ வெல்லம் வரும். நெய்க்கும் முந்திரிக்கும் எங்கே போறது?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. 1974இல் 500 ரூபாய் என்பது பாட்டிக்கு இரண்டு வளையல். அவள் அதைக் கழற்றிக் கொடுத்துத்தான் கட்டியிருக்கிறாள் என்று அம்மா சொல்வாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பணத்தைவிட அந்தச் சொல்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டளை என்றால் உத்தரவு. ராஜா இடுவது, அதிகாரி இடுவது, இப்போது கணினிக்கு நாம் இடுவது. வளையலை விற்று ஊருக்குப் பொங்கல் போடச் சொன்ன கிழவி யாருக்கு என்ன உத்தரவு போட்டாள்? அதிகாரத்தையும் கொடையையும் ஒரே சொல்லில் போட்டுவைத்திருக்கிறது தமிழ்.

வேர் ‘கட்டு’ என்பதில் சந்தேகமில்லை. கட்டப்பட்டது, கட்டுப்படுத்துவது. அகராதியைப் பிரித்தால் உத்தரவுக்கு முன்னும் பின்னும் வேறு பொருள்கள் வரிசையாக நிற்கின்றன: செங்கல் அறுக்கும் அச்சு, நிறுக்கும் அளவு, ஒழுங்கு, விதி. பக்கத்து வீடுகளிலும் எட்டிப் பார்க்கலாம். மலையாளத்தில் ‘கட்டள’ என்றால் கதவு நிலை. வீடு கட்டும்போது நிலை வைப்பதைச் சடங்காகவே செய்கிறார்கள். கன்னடத்தில் ‘கட்டளெ’ என்றால் சட்டம், ஒழுங்குவிதி. தெலுங்கில் ‘கட்டட’வும் விதிதான். நான்கு பலகையால் அடைத்த ஒரு சட்டகம் எல்லாவற்றுக்கும் நடுவில் தெரிகிறது. களிமண்ணை அதற்குள் அடித்துத் தூக்கினால் ஆயிரம் கல்லும் ஒரே அளவில் விழும். அச்சு வைத்தவன் பக்கத்தில் நிற்கவேண்டியதில்லை. உத்தரவு என்ற பொருள் இந்த அச்சிலிருந்துதான் கிளைத்திருக்கும் என்று நினைக்கிறேன்: வாயால் அதட்டுவது அல்ல, இன்ன அளவில் இன்னபடி நடக்கவேண்டும் என்று வடிவம் கட்டிக்கொடுப்பது.

யாப்புக்காரர்கள் இந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. புலவன் யாராயிருந்தாலும் அச்சு அதுதான். பொற்கொல்லர் தங்கத்தை உரசிப் பார்ப்பது கட்டளைக்கல். வள்ளுவர் அதைத் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில், 505ஆம் குறளில் எடுத்து ஆள்கிறார். ஒருவரை உரசிப் பார்க்கும் கல் வெளியே எங்கும் இல்லை, அவரவர் செய்த காரியமே அந்தக் கல் என்பது அங்கே சேதி. ஆளைத் தேர்ந்து பதவி கொடுப்பதைப் பற்றிய அதிகாரம் அது. தலைமையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

(ஒரு கிளைக்கதை: பழைய தமிழ் வேதாகமத்தில் பத்துக் கட்டளைகள் ‘பத்துக் கற்பனைகள்’. கற்பித்தது கற்பனை. அந்தச் சொல் பிறகு கவிஞர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. கட்டளை தன் இடத்தைவிட்டு நகரவில்லை.)

கோயிலுக்குள் இந்தச் சொல்லுக்குத் தனிச் சட்டப் பொருளே உண்டு. பொதுவான நித்திய பூஜைச் செலவுக்கான சொத்து ‘உள்துறை’. அதற்கு மேல் ஒருவர் ‘அர்த்தஜாமத்துக்குப் பாலும் பழமும்’, ‘தை மாதம் பத்து நாள் அன்னதானம்’ என்று குறிப்பாக ஒரு காரியத்துக்கு நிலமோ பணமோ ஒதுக்கி வைத்தால் அது கட்டளை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கட்டளைக்கு ஏறத்தாழ இந்த விளக்கத்தைத்தான் தந்தது. பெரும்பாலும் கட்டளையின் நிர்வாகமும் தனி. கோயில் தர்மகர்த்தா ஒருவர், கட்டளையை நடத்துபவர் வேறொருவர். சைவ மடங்கள் இதற்கென்றே ‘கட்டளைத் தம்பிரான்’களைக் கோயிலூர்களில் உட்காரவைத்தன. திருவாரூரில் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலம், தனிக் கணக்கு. ஏன் இத்தனை பிரிவு? கொடுத்தவர்கள் மனிதர்களை அறிந்தவர்கள். பொதுக் கஜானாவில் போட்டால் தன் பொங்கல் இன்னொருவர் விளக்கெண்ணெயாகிவிடும் என்று தெரிந்தவர்கள்.

ஒரு கட்டளை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காசியில் பார்க்கலாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்கான பொருள்கள் நாள்தோறும் சுமந்து கொண்டுபோகப்படுகின்றன. ‘சம்போ’ என்று முழங்கிக்கொண்டு சந்துக்குள் வருகிறவர்களுக்குக் கூட்டம் வழிவிடுகிறது. அந்தக் குரலில் கொடுத்தவர் யாருடைய பெயரும் இல்லை.

சொல்லுக்கு முந்தியது காரியம். சோழர் கல்வெட்டுகளில் இந்த ஏற்பாட்டை நிவந்தம் என்றும் வேறு பெயர்களிலும் சொன்னார்கள். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது நந்தாவிளக்குக் கணக்கு. அணையா விளக்கு ஒன்றுக்குத் தினம் ஓர் உழக்கு நெய். அதற்கு மூலதனம் 96 ஆடு. தஞ்சைப் பெரிய கோயிலில் அதற்குப் பதில் 48 பசு, அல்லது 16 எருமை. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையனின் பெயர் கல்லில் இருக்கும். அவனுக்காகப் பொறுப்பு நின்ற உறவினர் பெயரும் இருக்கும். அந்த ஆடுகளுக்கு ஓர் அடைமொழி உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, கிழடாகாத பெரிய ஆடு!

கவிதைபோல் ஒலித்தாலும் இது கறாரான கணக்கு. ஆடு சாகும், குட்டி போடும். செத்ததைக் குட்டியால் ஈடுகட்டி எண்ணிக்கையை 96லேயே நிறுத்தவேண்டியது இடையன் பொறுப்பு. மந்தைக்குச் சாவில்லை. நெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் உழக்கு உழக்குதான். பணத்தை வட்டிக்கு விட்டும் நிவந்தங்கள் நடந்தன. பெரிய கோயிலில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி. சில ஏற்பாடுகளில் அந்த வட்டியையும் நெல்லாகவே அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். விலைவாசி என்ற பூதத்தை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பார்த்தவர்கள்போல. என் பாட்டியின் 500 ரூபாய் குட்டி போட்டது, ஆனால் அந்தக் குட்டிகள் நோஞ்சான்கள்.

கல்வெட்டின் கடைசி வரிகளைப் பலர் படிப்பதில்லை. இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவரின் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவர் அங்கே சொல்லியிருப்பார். அழிப்பவனுக்குக் கங்கைக்கரைப் பாவம் என்ற சாபம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பணிவு அவ்வளவாகத் தெரியாது. பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத ஒரு கணக்குப்பிள்ளையின் காலை, அரசனும் அதிகாரியும் தங்கள் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். கட்டளை இடுபவன் கெஞ்சும் ஒரே இடம் இதுதான். செத்த பிறகு நடக்கவேண்டிய உத்தரவை இருக்கிறவர்களின் தயவால்தான் நடத்தமுடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பச்சையப்ப முதலியாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். துபாஷியாக இருந்து பொருள் சேர்த்தவர், 1794இல் நாற்பது வயதில் இறந்தார். சாகுமுன் உயில் எழுதினார். (‘உயில்’ ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் வேட்டி கட்டிக்கொண்ட சொல்.) கோயில் சேவைகளுக்கும் தர்மங்களுக்கும் தன் சொத்தைக் கட்டளையாக விட்டார். அவர் கண்மூடியதும் சொந்தக்காரர்களும் காரியஸ்தர்களும் வழக்காடத் தொடங்கினார்கள். ஒரு தலைமுறை தாண்டியும் வழக்கு ஓடியது. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் பிடித்து இழுத்துக் கணக்கை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தார். அதற்குள் வட்டி ஏறி முதல் பெருத்துவிட்டிருந்தது. காசி முதல் குமரி வரை கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைப் படிப்புக்குச் செலவிடலாம் என்று தீர்மானமாயிற்று. 1842இல் பள்ளிக்கூடம் திறந்தது. 1889இல் அது முதல்தரக் கல்லூரி. ராமானுஜன் தேறாமல் போனதும் அங்கேதான், அண்ணா எம்.ஏ. படித்துத் தேறியதும் அங்கேதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று பச்சையப்பர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அவர் கேட்ட பூஜை அல்ல, அவருக்குப் பின் வந்தவர்கள் மிச்சத்தில் கட்டிய கல்லூரி. அச்சு அவருடையது. கல் அறுத்தவர்கள் வேறு ஆட்கள்.

‘டிரஸ்ட்’ என்ற சொல்லோடு சட்டம் வந்தபோது தமிழுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1882இல் இந்திய டிரஸ்டுகள் சட்டம். தர்மகர்த்தா, தர்ம பரிபாலனம் என்று நெடுநாள் ஓட்டிவிட்டு, 20ஆம் நூற்றாண்டில் பழைய கட்டளையின் தலையில் ‘அறம்’ என்ற தொப்பியை வைத்தோம். ஆங்கிலச் சொல்லின் பொருள் நம்பிக்கை. நாம் அதற்குக் கொடுத்த பெயரின் பொருள் உத்தரவு. ஒன்றை மற்றதன் மொழிபெயர்ப்பு என்று சொல்லமுடியாது. நம்முடையது கொஞ்சம் கண்டிப்பானது, எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

இந்தப் புதுச் சொல் நன்றாக வேர்விட்டது பல்கலைக்கழகங்களில். சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் 25,000 ரூபாய் வைத்து ஓர் அறக்கட்டளை நிறுவினார். அதன் பெயரால் நடந்த சொற்பொழிவுகள் புத்தகங்களாகித் தமிழ் படிக்கிறவர்கள் கையில் இருக்கின்றன. ‘ஊரும் பேரும்’ எழுதி ஊர்ப்பெயர்களைத் துருவிய மனிதர், தன் பெயரை வைக்காமல் அம்மா பெயரை வைத்தார். அந்த அம்மாளின் பெயரை அட்டையில் படித்துவிட்டுத்தான் மாணவர்கள் உள்ளே போகிறார்கள்.

இப்போது தெருவுக்கு ஓர் அறக்கட்டளை. அப்பா பெயரில், தலைவர் பெயரில், உயிரோடு இருக்கிற தன் பெயரிலேயேகூட. பலகை பெரிதாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நோட்டுப் புத்தகமும் புகைப்படமும். இவற்றில் எவையெல்லாம் கட்டளை என்று கேட்டால் என் கணக்கு எளிது. நிறுவியவர் வராத நாளில் காரியம் நடக்கிறதா? என்ன அளவு, எந்த நாள், யார் பொறுப்பு, ஆடு செத்தால் யார் ஈடு என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அது உபயம். ஒரு டியூப் லைட்டில் பெயரெழுதி மாட்டுவதுபோல. அதையும் நான் குறை சொல்லவில்லை, வெளிச்சம் வெளிச்சம்தான். ஆனால் டியூப் லைட் ஃபியூஸ் ஆகும்.

கணக்கர் ஒரு யோசனை சொன்னார். இதுபோல் மெலிந்துபோன கட்டளைகள் பேரேட்டில் நிறைய இருப்பதால், அந்தந்த நாளில் யாராவது நைவேத்தியம் செய்தால் பழைய கட்டளைதாரர் பெயரையும் சேர்த்துச் சங்கல்பத்தில் வாசித்துவிடுகிறார்களாம். இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் போயிருந்தேன். தாத்தாவின் பெயரையும் கோத்திரத்தையும் குருக்கள் பிழையில்லாமல் வாசித்தார். சர்க்கரைப் பொங்கல் வேறு யாரோ ஒருவர் உபயம்.