ஆறு கம்பியும் அச்சடித்த காகிதமும்

இரண்டாம் உலகப்போர் சமயம். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் இனி ரயில் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் ஊருக்குள் பத்திரிகை எப்படி வரும்? ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ஓடுகிற ரயிலிலிருந்து கட்டுக் கட்டாகத் தூக்கி எறிந்தார்கள். அதைப் பொறுக்கியெடுத்து வீடு வீடாகப் போடுகிற வேலைக்கு ஒரு பையன் உதவிக்கு வந்தான். அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் சம்பளம் அதுதான்.

பையன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்துல் கலாம்.

பின்னாளில் அவர் வீணை வாசித்ததும் உங்களுக்குத் தெரியும். ராமேஸ்வரம் தீவில் பேய்க்கரும்பில் 2017-ல் திறக்கப்பட்ட அவருடைய நினைவகத்தில்கூட வீணையும் கையுமாக ஒரு சிலை உண்டு. கச்சேரி பண்ணிக் காசு வாங்கவா வாசித்தார்? இல்லை. சந்தோஷத்துக்கு வாசித்தார். ஆக, அந்தக் கடற்கரையின் மிகப் பிரபலமான பொழுதுபோக்கு வாத்தியக்காரர், ஒரு காலத்தில் பத்திரிகை போட்ட பையன்!

பத்திரிகை ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று சேருமா? அதாவது, பத்திரிகையைப் படித்து வாத்தியம் வாசிக்க முடியுமா?

சும்மா கேட்கவில்லை. தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒரு பையன் கிடார் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்த காசு. பக்கத்தில் வாத்தியார் இல்லை. நல்ல வாத்தியார் வேண்டுமென்றால் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். 'கிடார் ப்ளேயர்' மாதிரி அமெரிக்கப் பத்திரிகை எங்கேயோ கண்ணில் படுகிறது. பழைய இதழாக இருந்தாலும் விலை கொஞ்சம் உறைக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வயது சுமார் ஐந்நூறு. நிஜமாகத்தான்!

1536-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்குப் போர்ச்சுகீசியப் பாதிரிமார்கள் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஸ்பெயினில் வாலென்சியா என்ற ஊரில் லூயிஸ் மிலான் ஒரு புத்தகம் அச்சடித்தார். பெயர் 'எல் மாஸ்ட்ரோ'. தமிழில் சொன்னால் 'வாத்தியார்'. கிடாருக்குப் பெரியப்பா முறையில் ஒரு வாத்தியம் அப்போது இருந்தது, விஹுவேலா என்று. வாத்தியார் இல்லாதவன்கூட அதைக் கற்றுக்கொள்ளட்டும் என்று, சுலபமானதில் ஆரம்பித்துக் கஷ்டமானதற்குப் போகிற மாதிரி அந்தப் புத்தகத்தை அமைத்தார்.

எப்படி எழுதினார்? ஆறு கோடு போட்டார். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி. கோட்டின் மேல் ஓர் எண். அந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டையில் விரல் வைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். அவ்வளவுதான். ராகம் தெரிய வேண்டாம், ஸ்வரம் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். இன்றைக்குக் கிடார் பத்திரிகைகளில் 'டாப்' என்று போடுகிறார்களே, அது இதன் கொள்ளுப்பேரன்தான்.

அடுத்து 1882. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம். எஸ்.எஸ். ஸ்டீவர்ட் என்பவர் 'பாஞ்சோ அண்ட் கிடார் ஜர்னல்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பாட்டுகளின் நோட்டேஷன், கட்டுரை, கச்சேரிச் செய்தி எல்லாம் வரும். கிராமத்தில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு அது வரப்பிரசாதம்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடத்தில் மூக்கு வியர்க்கும். ஸ்டீவர்ட்டின் பிழைப்பு என்ன? பாஞ்சோ தயாரித்து விற்பது! பத்திரிகை படிக்கிறவன் வாத்தியம் வாங்குவான், வாங்கினவன் கம்பி வாங்குவான், அடுத்த வருடம் இன்னும் நல்ல வாத்தியம் வாங்குவான். லண்டனில் 1903-ல் பாஞ்சோ, மாண்டலின், கிடார் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பத்திரிகை தொடங்கிய கிளிஃபர்ட் எஸ்ஸெக்ஸும் வாத்திய வியாபாரிதான். பாடமும் கடையும் ஒரே அட்டைக்குள்! பிற்காலத்துக் கிடார் பத்திரிகைகளில் பாடத்துக்கு எத்தனை பக்கம், புது கிடாருக்கும் பெடலுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டீவர்ட் போட்ட கணக்கு புரியும்.

'சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. நம்ம ஊரில் இப்படி யாராவது பத்திரிகை நடத்தினார்களா?' என்று கேட்பீர்கள்.

நடத்தினார் ஒருவர். விற்பதற்கு அவரிடம் எந்த வாத்தியமும் இல்லை. கைக்காசு போனதுதான் மிச்சம்.

ஏ.எம். சின்னசாமி முதலியார். தமிழ்க் கத்தோலிக்கர். எம்.ஏ. படித்தவர். சென்னை அரசாங்கச் செயலகத்தில் உத்தியோகம். மேல்நாட்டு சங்கீதமும் அதன் ஐந்து கோட்டு நோட்டேஷனும் அத்துப்படி. கர்நாடக சங்கீதம் வாய்வழியாகவே போய்க்கொண்டிருக்கிறதே, ஒரு வித்வான் செத்தால் அவரோடு நூறு பாட்டும் சேர்ந்து போகிறதே என்று அவருக்கு வேதனை. வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் போன்ற தியாகராஜரின் சிஷ்ய பரம்பரைக்காரர்களைப் பாடச் சொல்லி, ஒவ்வொரு கிருதியாக ஐரோப்பிய நோட்டேஷனில் எழுதினார். 1890-களின் தொடக்கத்தில் அவற்றைப் பகுதி பகுதியாக, பத்திரிகை மாதிரியே அச்சடித்து வெளியிட்டார். சொந்தப் பணம் கரைந்தது. அச்சுப்படிகளைப் பார்த்துப் பார்த்துக் கண்பார்வையும் மங்கியது.

ஆனாலும் மனுஷர் விடவில்லை. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் எங்கே கிடைக்கும் என்று தேடினார். தேடல் எட்டயபுரத்தில் போய் நின்றது. ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர். அங்கேதான் 1835-ல் தீட்சிதர் காலமானார். அங்கே அரண்மனை வித்வானாக இருந்தவர் சுப்பராம தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதருடைய மகள் வயிற்றுப் பேரன். தாத்தா அவரைத் தத்து எடுத்து வளர்த்திருந்தார்.

இந்த பாலுசாமி தீட்சிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வயலின் என்கிற வெள்ளைக்கார வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டார். வாத்தியத்தைப் பிடிக்கிற விதம் அந்த மனிதரிடமிருந்து வந்தது. அதில் என்ன வாசிப்பது என்பது, சின்ன வயதிலிருந்து காதில் நிரம்பியிருந்த சங்கீதத்திலிருந்து வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

குடும்பச் சொத்தை அச்சில் போட சுப்பராம தீட்சிதருக்கு முதலில் தயக்கம். போகாதா பின்னே! தலைமுறை தலைமுறையாகப் பொத்தி வைத்தது. முதலியார் எட்டயபுரம் ராஜாவைப் பிடித்தார். ராஜா சொன்னார். தீட்சிதர் உட்கார்ந்தார்.

1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில் ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள். முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது என்று தீட்சிதருக்குத் தெரியும். தோடி ராகத்துக் காந்தாரத்தை 'க' என்று ஓர் எழுத்தில் எழுதிவிடலாம். அது நடுங்குகிற நடுக்கத்தை எந்த எழுத்தில் எழுதுவது? அதனால் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி வைத்தார். அச்சுக்கோப்பவர் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாரோ!

புத்தகத்தைப் பார்க்க முதலியார் உயிரோடு இல்லை. தீட்சிதரும் 1906-ல் கண்ணை மூடினார்.

இப்போது கேளுங்கள். இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தோடியே கேட்டறியாத ஒருவர் தோடி பாட முடியுமா? முடியாது. குறி இருக்கிறது, குறி காட்டுகிற சத்தம் காதில் இல்லையே! ஆனால் இந்தப் புத்தகம் மட்டும் வராமல் இருந்திருந்தால்? தீட்சிதர் கிருதிகளில் எத்தனையோ இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

கற்றுக்கொடுக்க அச்சால் முடியவில்லை. காப்பாற்ற முடிந்தது. வித்தியாசம் புரிகிறதல்லவா?

கற்றுக்கொடுக்கிற வேலை எப்படி நடந்தது என்பதற்கு ராமநாதபுரத்தையே பார்க்கலாம். பாஸ்கர சேதுபதி காலத்தில் அந்த அரண்மனை சங்கீதத்துக்குப் பெரிய ஆதரவு கொடுத்தது. சேதுபதிகளின் ஆஸ்தான வித்வான் பூச்சி சீனிவாச ஐயங்கார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். பூச்சி ஐயங்காரிடம் வருடக்கணக்கில் இருந்து கற்றவர்தான் காரைக்குடிப் பக்கத்து அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்றைய கச்சேரி முறைக்கே வடிவம் கொடுத்தவர் என்று சொல்லப்படுகிறவர். குரு பாடும்போது கூடவே பாட வேண்டும். குரு எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எந்த இடத்தில் விட்டுப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பத்திரிகை ஈடாகுமா? ஆகவே ஆகாது.

ஆனால்... அந்த வாசல் எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? ஜாதி பார்த்தார்கள். ஆணா பெண்ணா என்று பார்த்தார்கள். வருடக்கணக்கில் சம்பாத்தியம் இல்லாமல் இருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஆபீஸ் போகிற குமாஸ்தாவுக்கும், வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்ணுக்கும், தீவில் பிறந்த பையனுக்கும் என்ன வழி? அவர்களுக்காகத்தான் சென்னையில் தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்கள் ஸ்வரம் போட்டுப் பாடப் புத்தகங்கள் அச்சடித்தார்கள். பிற்பாடு 'சுதேசமித்திரன்', 'கல்கி' மாதிரிப் பத்திரிகைகளும் பாட்டை ஸ்வரத்தோடு போட்டன. குரு கிடைக்காதவனுக்குக் காகிதம் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. அதைக் கேவலமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

காகிதம் எப்போது வேலை செய்யும் என்பதற்கு அதே கடற்கரையில் இன்னொரு சாட்சி உண்டு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். 1952-ல் மந்திரி கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி வந்தது. உடனே ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். கடலோரத்தில் கேட்க வேண்டுமா, பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரிக் கேட்கும்! தியேட்டர் வாசலில் சில பைசாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் ஸ்வரம் கிடையாது, தாளம் கிடையாது, வெறும் வரிகள். இருந்தும் அதை வைத்துக்கொண்டு ஊரே பாடியது. எப்படி? மெட்டு ஏற்கெனவே ரேடியோ வழியாகக் காதில் ஏறியிருந்தது. மறந்துபோன வரியை மட்டும் புத்தகம் எடுத்துக் கொடுத்தது.

ரகசியம் இவ்வளவுதான். காது நிரம்பியிருந்தால் மட்டமான காகிதம்கூட உதவும். காது காலியாக இருந்தால் எட்டயபுரத்து மகா கிரந்தமே வந்தாலும் வெறும் மைதான்.

கிடாருக்கும் இதே கதைதான். 'டாப்' உங்களுக்கு விரல் வைக்கிற இடத்தைச் சொல்லும். கம்பியை எவ்வளவு இழுத்து வளைப்பது, எப்போது கையை எடுப்பது, எந்த ஸ்வரத்தை மெல்ல விடுவது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அந்த நோட்டேஷன் படிப்புக்குப் பின்னால் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். அதற்கும் முன்னால், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பாடிய வருடங்கள் இருந்தன. காகிதம் மூன்றாவதாகத்தான் வந்தது.

1967-ல் தொடங்கிய 'கிடார் ப்ளேயர்' 2024-ல் அச்சை நிறுத்திவிட்டது. 1994-ல் ஆரம்பித்த இங்கிலாந்தின் 'டோட்டல் கிடார்' பத்திரிகையும் அதே வருடம் கடையைச் சாத்தியது. பையன்கள் இப்போது செல்போனில் வீடியோ பார்த்துக் கற்கிறார்கள். அதில் சத்தமும் வருகிறது, விரலும் தெரிகிறது. முதலியார் பார்த்திருந்தால் கண்ணில் தண்ணீர் விட்டிருப்பார். ஆனால் பாடத்தின் நடுவே 'இந்தப் பெடலை வாங்குங்கள்' என்று ஒருவர் சிரிக்கிறாரே, அவர் வேறு யாருமில்லை. ஃபிலடெல்ஃபியா ஸ்டீவர்ட்தான், புதுச் சட்டையில்!

அப்படியானால் தங்கச்சிமடத்துப் பையனுக்கு என்ன சொல்வது?

வாங்கு தம்பி. பழைய இதழே போதும். விளம்பரப் பக்கத்தை மடித்து வை. அதில் இருக்கிற கிடார் இல்லாததால் உன் வாசிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள். முதலில் அதை நூறு தடவை கேள். வாயால் பாடிப் பார். பாட வந்த பிறகு பக்கத்தைத் திற. விரல் எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் காகிதத்தைக் கேள். மீதியை உன் காது சொல்லும்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் ஊர்ப் படகுக்காரர் யாராவது, வயதான ஒரு பாட்டி யாராவது, வேறு எவரும் பாடாத பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டு, ஆறு கோடு போட்டு, எண்ணை எழுதி வை. இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. பாடுகிறவர் இருக்கும்போதுதான் எழுத முடியும்.