அசையாத மேடை: புதுச்சேரியில் ஒரு தொலைநோக்கி

தொலைநோக்கி என்றதும் நாம் கண்ணாடி வில்லையையே நினைக்கிறோம்; அதைத் தாங்கி நிற்கும் கால்களை நினைப்பதில்லை. துப்பாக்கியின்மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்துவோர் இதை நன்கறிவர். பிடிப்புத் தளர்ந்து ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60இல் 1 பங்கு, விலகினாலும் 100 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளிப் படும். வானத்திலோ அந்த ஒரு கலை என்பது, சூரியனைக் கடக்கும்போது வெள்ளிக் கோள் காட்டும் ஏறத்தாழ முழு விட்டம்.

அந்தக் கடப்பைப் பூமியின் பல இடங்களிலிருந்து நொடிக்கணக்காய் அளந்தால் சூரியனின் தொலைவை அறியலாம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர்களின் நம்பிக்கை. 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்த கடப்பைப் புதுச்சேரியிலிருந்து அளப்பதற்காக, குயோம் லெ ஜாந்தி என்ற வானியலர் 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பலேறினார். மலபார்க் கரையை அடைந்தபோதுதான், அவ்வாண்டு ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது தெரிந்தது. கப்பல் திரும்பியது. குறித்த நாளில் நடுக்கடலில் வானம் தெளிவாகவே இருந்தது, வெள்ளியையும் கண்டார். ஆனால் உருளும் தளத்தில் தொலைநோக்கியை நிலைநிறுத்த இயலவில்லை. ஊசல் கடிகாரத்துக்கும் அங்கே இடமில்லை. கப்பல் நின்ற தீர்க்கரேகையும் துல்லியமாய்த் தெரியவில்லை. கண்டது அளவையாகவில்லை.

அடுத்த வாய்ப்பு 1769இல், அதைவிட்டால் 1874. எனவே அவர் ஊர் திரும்பாமல் கீழைக் கடல்களிலேயே தங்கினார். 1763 பாரிஸ் உடன்படிக்கையால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு மீண்டது. 1768 மார்ச்சில் அவர் வந்திறங்கியபோது ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வரவேற்று உதவினார். ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையின் இடிபாடுகள்மீதே வானாய்வகம் எழுந்தது. சென்னை ஆங்கிலேயரோ நல்லதொரு தொலைநோக்கியை அனுப்பி உதவினர். போர் பறித்த காலடியைப் போரின் எச்சமே திருப்பித் தந்தது. 1769 ஜூன் 4 விடியலில் எல்லாம் ஆயத்தம். மேகம் மட்டும் விலகவில்லை. கடப்பு முடிந்தபின்னரே சூரியன் தெளிந்தது.

காத்திருந்த மாதங்களில் அவர் தமிழ்க் கணியர் முறையையும் கற்றார். சோழிகளை வைத்து, மனத்தில் பதித்த எண்களைக் கொண்டு கிரகணம் கணிக்கும் முறை அது. 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அம்முறை 41 நொடி குறைவாகவும், ஐரோப்பாவின் புகழ்பெற்ற தோபியாஸ் மேயர் அட்டவணை 68 நொடி அதிகமாகவும் காட்டியதாக அவரே பதிந்துள்ளார். இதைக்கொண்டு நாம் மார்தட்ட வேண்டியதில்லை. சோழிகளுக்குப் பின்னால் தலைமுறைகளின் கணக்கு நின்றது. சூரியனின் தொலைவு என்ற புதிய கேள்விக்கு அது விடை தராது. அதற்குக் கருவியும், கருவிக்கு மேடையும், மேடைக்கு அமைதியான ஊரும் வேண்டியிருந்தன.

1771இல் லெ ஜாந்தி தாயகம் திரும்பியபோது அவர் இறந்ததாகவே கருதப்பட்டிருந்தார்; வாரிசுகள் சொத்துக்கு முனைந்திருந்தனர். ஆயினும் தம் பயணநூலை 1779இலும் 1781இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792 அக்டோபரில் பாரிசில் மறைந்தார். அதே ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. கருவியை அசையாமல் தாங்குவதற்கென்று அங்கே நட்ட சுமார் 10 டன் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளையும் தாங்கி இன்றும் நிற்கிறது.