வென்றுமண்கொண்டானின் ஊரிலிருந்து ஒரு புள்ளிக்கணக்கு

படவேடு என்று இன்று வழங்கும் ஊரின் பழம்பெயர் படைவீடு. சவ்வாது மலையடிவாரத்தில் கமண்டல நதியின் கரையில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இவ்வூரை வெளியூரார் ரேணுகாம்பாள் கோயிலால் அறிவர். ஆடி வெள்ளிகளில் வண்டிகட்டி வந்து பொங்கலிட்டுப் போவோருள் பலருக்கு, இவ்வூர் ஒரு காலத்தில் ஓர் அரசின் தலைநகராக இருந்தது என்பது தெரியாது. சோழப் பேரரசு சரிந்தபோது தலைதூக்கிய சம்புவராயர்கள் பதினான்காம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்டார்கள். ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கு இன்றும் ராசகம்பீரன் மலை என்றே பெயர். அம்மரபில் ஒருவருடைய பட்டப்பெயர் வென்றுமண்கொண்டான். பெயரிலேயே வெற்றியை எழுதிவைத்துக்கொண்ட அரசர்.

அவருக்குப் பின்வந்த ராசநாராயணச் சம்புவராயர் காலத்தில், விசயநகர இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்து இவ்வரசைப் பணியவைத்தார். பின்னர் மதுரை வரை சென்றார். அந்தப் படையெடுப்பை அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விசயம்' என்று வடமொழியில் காவியமாக்கினார். வென்ற பக்கத்துக்குக் காவியம் இருக்கிறது. ராசகம்பீரன் மலைமேல் நின்று, வடக்கே எழும் புழுதியைப் பார்த்து 'இன்னும் வாய்ப்பு இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பக்கத்துக்கு ஒரு வெண்பாகூட மிஞ்சவில்லை.

விளையாட்டுத் திடலில் மட்டும் நிலைமை சற்று வேறு. அங்கே தோற்கும் பக்கத்தான் ஓயாமல் பேசுகிறான். பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிக்காகத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, 'நாம் மிச்சமுள்ள நான்கையும் வென்று, அவர்கள் இரண்டில் தோற்றால்' என்று கணக்குப் போடுகிறான். வரலாற்றாசிரியர்கள் கைவிட்ட இந்த மனிதரின் கணக்கை நாம் சிறிது எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அணி, சென்னையின் எஃப்.சி. கேள்வி, ஆண்டுதோறும் கேட்கப்பட்ட அதே கேள்விதான்: பிளே-ஆஃபுக்குப் போகுமா?

கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும் ஆளும் வடார்க்காட்டுக் கிராமங்களுக்குக் கால்பந்து எப்படி வந்தது என்று கேட்பவர் உண்டு. பட்டாளம் ஒரு வழி. வெலிங்டனிலிருந்த மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெருங்கழகங்கள் கோலோச்சிய காலத்தில் சிப்பாய்களின் அணியொன்று அதைச் செய்தது. அவ்வணியின் கோலி பீட்டர் தங்கராஜ் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோல் வாயிலைக் காத்தார். அதே போட்டியில் பெரு நாட்டுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்ததுதான் ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி கடைசியாக அடித்த கோல். அதன்பின் இந்தியா அந்த மேடைக்குத் திரும்பவேயில்லை. தமிழ்நாட்டுக் கால்பந்து நினைவுகளில் பாதி இப்படி 'கடைசி' என்ற சொல்லோடு வருபவை.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது இந்த நினைவுகளோடு அதற்குத் தொடர்பொன்றும் இருந்ததாகச் சொல்லமுடியாது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் முதலாளிகள், ஓய்வை நெருங்கிய ஐரோப்பிய நட்சத்திரங்கள் ஆட்டக்காரர்கள் என்று வந்த ஏற்பாடு அது. சென்னைக்கு உலகக் கோப்பை வென்ற இத்தாலியர் மார்கோ மாட்டரட்சி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். ஐரோப்பியர் பழகிய முறையிலிருந்து இது ஒரு முக்கியமான இடத்தில் விலகியது. இங்கிலாந்திலோ இத்தாலியிலோ பருவ முடிவில் அதிகப் புள்ளி பெற்றவரே வாகை சூடுவர். இங்கிலாந்தில் பிளே-ஆஃப் உண்டுதான், ஆனால் அது 1987-இலிருந்து கீழ்ப்பிரிவுகளில் மேலே ஏறப்போவது யார் என்று தீர்க்கும் வழி. நம்முடைய லீகிலோ முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும், அங்கிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். மூன்று மாதம் உழைத்துச் சேர்த்த புள்ளிகள் அவ்வாசலில் செருப்பைப்போலக் கழற்றிவைக்கப்படும்.

இந்த வாசலின் குணத்தை நம் ரசிகர் முதல் ஆண்டிலேயே அறிந்தார். 2014-இல் 14 ஆட்டங்களில் 23 புள்ளிகளோடு சென்னை முதலிடம். நான்காவதாக உள்ளே வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் 3-0 என்று வென்றது. சென்னையில் நடந்த மறு ஆட்டத்தில் நம்மவர்கள் மூன்று கோலையும் ஈடுகட்டிவிட்டார்கள். கூடுதல் நேரத்தில், 117-ஆவது நிமிடத்தில், ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோலோடு கதை முடிந்தது. பட்டியலில் முதலாவது என்பதற்குக் கோப்பை எதுவும் அப்போது இல்லை. (முதலிடத்துக்குக் கேடயம் தரும் வழக்கம் 2019-20 பருவத்தில்தான் வந்தது. ஐந்து ஆண்டு முன்னதாக வந்திருக்கலாம் என்று முனகுவதை மன்னிக்கவேண்டும்.)

அடுத்த ஆண்டுதான் சென்னை ரசிகரின் மனத்தை நிரந்தரமாக வடிவமைத்தது. 2015-இல் பத்து ஆட்டங்கள் முடிந்தபோது அணியிடம் இருந்தவை 10 புள்ளிகள். பட்டியலின் அடிவாரம். மிச்சம் நான்கு ஆட்டம். அந்த நிலையில் எந்த நிதானமான மனிதரிடம் கேட்டிருந்தாலும் கையை விரித்திருப்பார். அணி நான்கையும் வென்றது. 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம்.

அதற்குள் டிசம்பர் முதல் நாட்களில் சென்னை நீரில் மூழ்கியது. செம்பரம்பாக்கமும் அடையாறும் அவ்வாரம் என்ன செய்தன என்று இங்கே எழுதவேண்டியதில்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத நகரத்தில் அரையிறுதி நடத்த இயலாது என்பதால், சென்னையின் சொந்தத் திடல் ஆட்டம் டிசம்பர் 12 அன்று புனேயில் நடந்தது. கொல்கத்தாவை அங்கே 3-0 என்று வென்று, கொல்கத்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 4-2 என்று அணி இறுதிக்குச் சென்றது. டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா திடல். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோலி கட்டிமணியின் சேம் சைடு கோல். அதன்பின் காயநேரக் கூட்டலில் மெண்டோசா. 3-2.

அந்த மூன்று நிமிடங்கள் சென்னை ரசிகருக்குப் பெருமகிழ்ச்சியைத் தந்தன, கூடவே ஒரு நோயையும் தந்தன என்பது நம் எண்ணம். அதற்குப் பின்வந்த எந்தப் பருவத்திலும், எவ்வளவு மோசமான பட்டியலைக் காட்டினாலும், '2015-ஐ மறந்துவிட்டீர்களா?' என்ற பதில் தயாராக இருந்தது. கோடரியால் தலை துண்டிக்கப்பட்டு மீண்டும் உயிர்பெற்றவளின் சிரசை வணங்கும் ஊரில் இருந்துகொண்டு, மீண்டெழுதலை நம்பாதே என்று சொல்ல நமக்கும் நா எழவில்லைதான். எனினும் ஓர் அற்புதம் நடந்ததென்பது அது வழக்கமாகிவிட்டதென்று ஆகாது. 2016-இல் ஏழாம் இடம்.

இரண்டாவது கோப்பை அற்புதத்தால் வந்ததன்று. 2017-18-இல் ஜான் கிரிகோரி என்ற ஆங்கிலேயர் ஒழுங்கான, அலங்காரமற்ற ஓர் அணியை அமைத்தார். வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் அதன் நடுக்களத்தில் ஆடினார். பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னை 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். எட்டுப் புள்ளி என்பது சிறிய இடைவெளி அன்று. ஆனால் 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவின் சொந்தத் திடலிலேயே, சுனில் சேத்ரியின் தொடக்க கோலுக்குப் பிறகு, மெயில்சன் ஆல்வெஸ் கார்னர் பந்துகளை இருமுறை தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். மறுபடியும் 3-2.

அன்று பெங்களூரு ரசிகர்கள் எழுப்பிய வாதம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்: ஐந்து மாதம் சிறந்து ஆடியவன் ஓர் இரவில் ஏன் எல்லாவற்றையும் இழக்கவேண்டும்? ஆனால் 2014-இல் இதே வாதத்தை வைத்திருந்தவர்கள் நாமே. சென்னையின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. முதலிடம் பிடித்த ஆண்டில் கோப்பை இல்லை. கோப்பை வந்த இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் இல்லை.

பிளே-ஆஃபே இல்லாத முறையிலும் ஒரு தமிழ்நாட்டு அணி நெஞ்சை உறையவைத்தது. 2018-19 ஐ-லீகில் கோவையைத் தன் திடலாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி, கடைசி நாளான மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிற்று. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண் இந்தத் திடலிலும் ஒரு காது அந்தத் திடலிலும் வைத்திருந்த அந்த மாலையின் முடிவில், கோவையில் 3-1. 43-க்கு 42 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம். சில ஆண்டுகளுக்குள் அவ்வணி ஐ-லீகிலிருந்து மறைந்துபோயிற்று. இதைப்பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்கவேண்டும்.

சென்னை சிட்டி வாகை சூடிய அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது. நடப்பு வாகையர் கடைசி. 2019-20-இன் தொடக்கமும் அப்படியே: ஆறு ஆட்டங்களில் 5 புள்ளி. கிரிகோரி விலகினார், ஓவன் காயில் வந்தார். எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள். இங்கேதான் 2015-ஐச் சொல்லிச் சொல்லிக் கேலிக்கு ஆளானவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்காம் இடம். அரையிறுதியில் கோவாவை 4-1, 2-4 என்று மொத்தம் 6-5-இல் கடந்து இறுதி. 2020 மார்ச் 14 அன்று அவ்விறுதி நடந்தபோது ஃபடோர்டாவின் இருக்கைகள் அனைத்தும் காலி. கொரோனா வந்துவிட்டிருந்தது. ஏ.டி.கே. 3, சென்னை 1. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு பறையும் பாட்டுமாகத் திடலை நிறைப்பவர்களும், 150 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் தொலைக்காட்சி முன் இருக்கும் நம் போன்றவர்களும் அன்றொருநாள் ஒரே நிலையில் இருந்தோம். யாருக்கும் திடலில் இடமில்லை.

பின்வந்த மூன்று பருவங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு, எட்டு, எட்டு.

2022-23-இல் விதி மாறியது. நான்குக்குப் பதிலாக ஆறு அணிகளுக்கு வாசல் திறந்தது. நம்பிக்கை மலிவான நாள் அது என்று நாம் நினைக்கிறோம். 2023-24-இல் காயிலின் அணி 22 ஆட்டங்களில் பதினொன்றில் தோற்றும் ஆறாம் இடத்தால் உள்ளே நுழைந்தது. நுழைந்ததும் தன் காலால் அன்று. ஏப்ரல் 10 அன்று பஞ்சாப் அணி ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று வீழ்த்தியபோதுதான் நம் இடம் உறுதியாயிற்று. அன்று மாலை பஞ்சாபின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் நமக்கு உற்ற சொந்தம். பதினைந்தாம் நூற்றாண்டில் படைவீட்டு ராச்சியத்தின் கன்னடிகரும் தமிழரும் தெலுங்கரும் இலாடரும் ஒன்றுகூடிக் கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கை விரிஞ்சிபுரம் கோயிற் கல்லில் இருக்கிறது. பிளே-ஆஃப் கணக்குப் போடுபவரின் கூட்டணிகள் அதைவிட விரிந்தவை, ஆனால் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் நிலைப்பதில்லை. ஏப்ரல் 20 அன்று கோவாவிடம் 1-2 என்று தோற்று வெளியேறினோம். 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆம் இடம்.

அதற்கடுத்த ஆண்டு கேள்வியே வேறாகிவிட்டது. லீகை நடத்தும் வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பு ஏற்படாததால் ஜூலையில் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பதினோரு ஆண்டுகளாக 'அணி நான்கில் வருமா, ஆறில் வருமா' என்று விவாதித்தவர்கள், அணி இருக்குமா என்று கேட்கவேண்டிய இடத்துக்கு வந்தார்கள். ஆட்டக்காரர்களின் சம்பளம், இளையோர் பயிற்சி, திடல் பராமரிப்பு என்று பட்டியலில் என்றும் இடம்பெறாத சொற்கள் அப்போதுதான் ரசிகரின் பேச்சுக்குள் வந்தன. மெண்டோசாவின் கோலைப் பற்றி நாம் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது இவற்றைப் பேசியிருக்கிறோமா என்பது ஐயமே.

மாதக்கணக்கான இழுபறிக்குப் பின் 2026 பிப்ரவரி 14 அன்று லீக் தொடங்கும் என்று அறிவிப்பு வந்தது. 14 அணிகள், 91 ஆட்டங்கள். நம் நண்பர்களுள் ஒருவர் பழக்க தோஷத்தால் உடனே பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினான்கு அணிகள் ஒன்றோடொன்று ஒரே ஒரு முறை மோதினால் வரும் எண் சரியாக 91. அதற்கு மேல் ஓர் ஆட்டம்கூட இல்லை.