கஞ்சாவும் மனச்சோர்வும்: ஒரு மருத்துவ வரலாறு

மனத்துயர் மாந்த இனத்தோடு உடன்பிறந்தது. அதனைத் தீர்க்கும் மூலிகை எங்கேனும் இருத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கையும் அவ்வளவு பழைமை வாய்ந்ததே. அந்நம்பிக்கை பற்றிக்கொண்ட செடிகளுள் ஒன்று கஞ்சா. அண்மைக் காலத்தில் மேலை நாடுகள் பலவற்றில் அது மீண்டும் மருந்தாக ஏற்கப்பட்டுள்ளது. மனச்சோர்வுக்கும் அது நன்மருந்து என்னும் பேச்சு இன்று நம் மாணவர்களின் செவிகளிலும் விழுகின்றது. "அங்கே மருத்துவரே தருகின்றார், இங்கே ஏன் தடை?" என்று வினவும் பதினாறு வயது மாணவனுக்கு, "அது தீயது" என்னும் ஒற்றைச் சொல் விடையாகாது. வினாவுக்குரிய விடை வரலாற்றில் இருக்கின்றது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீழை நாட்டுப் பழம் அறிவு

இந்திய மருத்துவத்தில் இச்செடிக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. வடமொழி மருத்துவ நூலாகிய சார்ங்கதர சங்கிதை, அபினோடு சேர்த்து இதனை உடலில் விரைந்து பரவும் பொருளாக வகைப்படுத்துகின்றது. தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் இதற்குப் பெயர்கள் பல. ஆயினும், சித்த மருத்துவர் இதனைப் பறித்தவாறே எவர்க்கும் கொடுத்தாரல்லர். சுத்தி செய்தல், அளவறிதல், அனுபானம் காணுதல் என்னும் கட்டுப்பாடுகள் அதற்கு இருந்தன. மருந்தாக உண்பதும் மயக்கத்திற்காகப் புகைப்பதும் வேறு வேறு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

1563-ஆம் ஆண்டில் கோவாவில் அச்சேறிய ஒரு நூலில், கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துகீசிய மருத்துவர் இச்செடியின் இலையாகிய பாங்கினைப் பற்றி எழுதினார். கவலையை மறந்து உறங்கவும், உழைப்பின் களைப்பு தோன்றாதிருக்கவும் மக்கள் அதனை உண்டதாக அவர் குறித்தார். அச்செய்தி கடல் கடந்தது. 1621-ஆம் ஆண்டில் இராபர்ட் பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் மனத்துயரைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில், ஓர்த்தாவின் பெயரைச் சுட்டியே பாங்கினைக் குறிப்பிட்டார். துயரையும் இச்செடியையும் ஒருங்கே பேசிய மேலை நூல்களுள் அது முற்பட்டது. எனினும் அது கேள்விச் செய்தியே. எவரும் சோதித்தறிந்த உண்மையன்று.

கல்கத்தாவும் பாரிசும்

சோதித்தறியும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிற்று. அயர்லாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்த வில்லியம் ஓஷானெசி, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். அவர் நாட்டு மருத்துவரையும் பண்டிதரையும் அணுகிக் கேட்டார். பின்னர் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன்பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார். மூட்டுவாதம், இசிவு, வாந்திபேதி, வெறிநாய்க்கடி ஆகியவற்றில் தாம் கண்டதை 1839-இல் வெளியிட்டார். வெறிநாய்க்கடி நோயாளியை அவரால் பிழைக்க வைக்க இயலவில்லை. ஆனால் அவர் பட்ட கொடுந்துன்பம் தணிந்ததைக் கண்டார். துன்பந் தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு என்னும் இந்த வேறுபாடு பின்வரும் வரலாறு முழுவதற்கும் திறவுகோலாகும்.

அதே காலத்தில் பாரிசு நகரில் மோரோ என்னும் மனநோய் மருத்துவர் இருந்தார். எகிப்து முதலிய கீழை நாடுகளில் பயணஞ் செய்து கஞ்சாப் பிசினைக் கண்டறிந்த அவர், முதலில் தாமே அதனை உண்டு, தம் உள்ளத்தில் தோன்றிய மாற்றங்களைப் பதிவு செய்தார். 1845-இல் அது நூலாயிற்று. ஒரே துயர எண்ணத்தில் உறைந்துபோன நோயாளியை அப்பிசின் தரும் களிப்பு அசைத்துவிடாதா என்பதே அவருடைய எண்ணம். துயர நோயாளிகள் சிலருக்கு அதனைக் கொடுத்தார். அவர்கள் பேசினர், சிரித்தனர். ஆனால் களிப்பு நீங்கியதும் பழைய துயரம் திரும்பி வந்தது. மோரோ இதனை மறைக்கவில்லை. மனச்சோர்வுக்குக் கஞ்சா என்னும் கருத்தை முறையாகச் சோதித்த முன்னோடி அவரே. அதன் குறையைக் கண்டவரும் அவரே.

பதிவேடு கூறிய பொய்

மேலை நாட்டில் இதனைத் துயருக்கு மருந்தாக்க முயன்ற அதே நூற்றாண்டில், இந்தியாவில் இதுவே பித்துக்குக் காரணம் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. மனநோய் விடுதிகள் கஞ்சாக் குடியரால் நிறைந்துள்ளன என்று பலர் முழங்கினர். 1893-இல் பிரிட்டிசுப் பாராளுமன்றத்தில் எழுந்த வினாவின் விளைவாக, இந்திய அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. மெக்வொர்த் யங் தலைமையிலான அக்குழுவில் இந்தியர் மூவரும் இருந்தனர். அது 1,193 பேரின் சான்றுகளைத் திரட்டி, 1894-இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது.

அவ்வறிக்கையில் ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கத்தக்க பகுதி, மனநோய் விடுதிகளின் பதிவேடுகளைப் பற்றியது. 1892-ஆம் ஆண்டில் கஞ்சா முதலியவற்றால் பித்துக் கொண்டோர் என 222 பேர் பதியப்பட்டிருந்தனர். குழு ஒவ்வொருவரின் வரலாற்றையும் தனித்தனியே விசாரித்தது. 98 பேர் அளவிலேயே அக்காரணம் ஓரளவேனும் பொருந்திற்று. அவர்களிலும் பலருக்கு வேறு காரணங்கள் கலந்திருந்தன. பிழை எவ்வாறு நேர்ந்தது? நோயாளியை விடுதிக்கு அனுப்பும்போது நிரப்பப்படும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தெருவில் பிடிபட்ட ஏழையின் முன்வரலாற்றைக் காவலர் அறியார். ஆயினும் கட்டத்தை நிரப்ப வேண்டும். 'கஞ்சா' என்று எழுதினர். மருத்துவர் அதனையே பார்த்துப் படியெடுத்தார். ஆண்டறிக்கை அதனைக் கூட்டிக் காட்டியது. இவ்வாறு ஓர் ஊகம் புள்ளிவிவரமாக உயர்ந்தது!

எனினும் அக்குழு கஞ்சாவுக்கு நற்சான்று வழங்கிவிட்டது என்று கூறுவாரும் பிழைபடுகின்றனர். அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்று கூறிய அதே அறிக்கை, அளவு மீறிய பயன்பாடு உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் என்றும், இயல்பிலேயே தளர்ந்த மனத்தை அது நிலைகுலையச் செய்யக்கூடும் என்றும் கூறிற்று. முழுத்தடையைத் தவிர்த்து, வரியும் கட்டுப்பாடும் விதிக்கப் பரிந்துரைத்தது. இந்திய உறுப்பினர் இருவர் அம்முடிவுகளோடு முற்றும் உடன்படாது தனிக்குறிப்பு எழுதினர்.

மருந்தகத்தை விட்டு நீங்கியமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மருந்து தன் இடத்தை இழக்கலாயிற்று. சட்டம் மட்டும் அதற்குக் காரணமன்று. கஞ்சாச் சாறு நீரில் கரையாது. ஆகவே ஊசி வழியே செலுத்தற்கு ஏற்றதாக இல்லை. ஒரு புட்டியின் வீரியம் மறு புட்டியில் இல்லை. ஒருவர்க்குப் பயனளிக்காத அளவு மற்றொருவர்க்கு மயக்கம் தந்தது. அளவறிந்து தரத்தக்க புதிய மருந்துகள் வந்தபோது மருத்துவர்கள் அவற்றை நாடினர். பின்னர்ச் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1925-இல் செனீவா உடன்படிக்கை இதனைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. 1961-இல் ஐக்கிய நாடுகளின் தனி உடன்படிக்கை அதனை மேலும் இறுக்கிற்று. விற்பனையோடு ஆராய்ச்சியும் பல ஆண்டுகள் அருகிப்போயிற்று. இது வருந்தத்தக்க விளைவாகும்.

மீண்டும் எழுந்த வினா

1964-இல் இசுரேலிய அறிஞர் மெக்கூலமும் அவருடைய துணைவரும் கஞ்சாவில் மயக்கந் தரும் முதன்மைப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அப்பொருளை ஏற்கும் வாயில்கள் மூளையில் உள்ளன என்பது 1988-இல் தெரிய வந்தது. அவ்வாயிலுக்குரிய பொருளை நம் உடலே உண்டாக்குகின்றது என்று 1992-இல் கண்டனர். 'ஆனந்தம்' என்னும் சொல்லை அடியாகக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர்.

இவ்வாயில்களுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை ஒரு மருந்தின் தோல்வி உணர்த்திற்று. அவ்வாயிலை அடைத்துப் பசியைக் குறைக்கும் இரிமோனபாண்டு என்னும் மருந்து 2006-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அதனை உண்டவருள் சிலர் மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்திற்கும் ஆளாயினர். 2008-இல் அது திரும்பப் பெறப்பட்டது. வாயிலை அடைத்தால் சோர்வு எனின், திறந்தால் மகிழ்வு நிலைக்குமன்றோ என்று எண்ணத் தோன்றும். உடலின் இயல்பு அவ்வளவு எளியதன்று. புறத்தேயிருந்து இடைவிடாது செலுத்தினால் அவ்வாயில்களே குறைந்து மந்தமாகின்றன. முன்பு பெற்ற அமைதிக்கு அளவைக் கூட்ட வேண்டியதாகின்றது. நிறுத்தினால் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன.

2017-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் பல்லாயிரம் ஆய்வுகளை நாடிப் பார்த்து அறிக்கை வெளியிட்டன. வயது வந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல், நரம்பு நோயின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குக் கஞ்சாப் பொருள்கள் பயன்படுகின்றன என்பதை அது ஏற்றது. மனச்சோர்வைத் தீர்க்கும் என்பதற்கோ சான்று கிடைக்கவில்லை. மாறாக, பயன்படுத்துவோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்புச் சற்றே மிகுதி என்றது. 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 23,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய பதினோர் ஆய்வுகளைத் தொகுத்தது. பதினெட்டு வயதுக்குள் கஞ்சாப் பழகியோர் இளமைப் பருவத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு, பழகாதோரினும் ஏறத்தாழ 37 விழுக்காடு மிகுதி என்று அது காட்டிற்று. இவை தொடர்பைக் காட்டுவனவே. காரணத்தை முற்றும் நிறுவுவன அல்ல. எனினும், வளரும் மூளையை வைத்துச் சூதாடலாகாது என்பதற்கு இவை போதும்.

நாம் கொள்ளத்தக்கது

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் கஞ்சாவைக் கடுமையாகத் தண்டிக்கின்றன. அண்டை நாடாகிய தாய்லாந்து 2018-இல் மருத்துவத்திற்கு இசைந்து, 2022-இல் தளர்த்தி, 2025-இல் மீண்டும் மருத்துவச் சீட்டின் எல்லைக்குள் கொணர்ந்தது. சட்டங்கள் மாறும். ஆனால் மோரோவின் நோயாளிகள் களிப்பு நீங்கியதும் துயரிற்குத் திரும்பினர் என்னும் உண்மை எச்சட்டத்தாலும் மாறுவதன்று.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாறு இரண்டைக் கற்பிக்கின்றது. துயருற்ற மாணவன் ஒரு புகையில் ஆறுதல் கண்டதாகக் கூறினால், அந்த ஆறுதல் பொய் என்று மறுக்க வேண்டா. அது அன்றைக்கு உரியது, நோயோ நாளைக்கும் இருப்பது என்று விளக்குக. மனச்சோர்வு நோய்க்கு இன்று மனநல மருத்துவரும், அளவறிந்த மருந்தும், பேச்சு வழியான சிகிச்சையும் உள்ளன. அங்கே அவனை அழைத்துச் செல்லும் கை நம்முடையதாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, 1892-ஆம் ஆண்டுப் பதிவேட்டை நாம் மறத்தலாகாது. வகுப்பில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் பிள்ளையின் 'காரணம்' என்னும் கட்டத்தில், விசாரியாமல் 'சோம்பல்' என்றோ 'கெட்ட பழக்கம்' என்றோ எழுதிவிடுவது எளிது. அப்பிள்ளையை அருகமர்த்தி, "என்ன துயர் அப்பா?" என்று கேட்டறிந்த பின்னரே நாம் எழுதுகோலை எடுத்தல் வேண்டும்.