சிலிக்கான் ஒளிப்பெருக்கி

சிலிக்கான் ஒளிப்பெருக்கி என்பது ஒற்றை ஃபோட்டானைக்கூட மின்துடிப்பாக மாற்றிக் காட்டும் குறைக்கடத்தி உணரி. விண்ணிலிருந்து வரும் காமா கதிர்களைத் தரையிலிருந்தே ஆராயும் தொலைநோக்கிகளின் கேமராக்களில், கண்ணாடியாலான ஒளிப்பெருக்கிக் குழாய்களின் இடத்தை இது 2011 முதல் சிறிது சிறிதாகப் பிடித்து வருகிறது.

தேவை

காமா கதிர் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் அணுக்கருவுடன் வினைபுரிந்து, எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் கொண்ட துகள்மழையாகப் பெருகுகிறது. காற்றில் ஒளி செல்லும் வேகத்தை அத்துகள்கள் மிஞ்சும்போது நீலநிறச் செரன்கோவ் ஒளி பிறக்கிறது. அது சில நானோ நொடிகளே நீடிக்கும். தரையில் நூறு மீட்டருக்கும் கூடுதலான ஆரத்தில் பரவி விழும். அதன் படத்தை வைத்தே காமா கதிர் வந்த திசையையும் ஆற்றலையும் கணிக்கிறார்கள். 1989இல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி நண்டு நெபுலாவை இம்முறையில் கண்டறிந்தது. அத்தனை மங்கலான, அத்தனை விரைவான செரன்கோவ் மின்னலைப் பதிவுசெய்வதே கேமராவின் வேலை.

செயல்படும் விதம்

சில மில்லிமீட்டர் அகலச் சில்லில், மனித முடியின் தடிமனை ஒத்த ஆயிரக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் ஒளி டையோடு. தாங்கும் எல்லைக்குச் சில வோல்ட் மேலான பின்னோக்கு மின்னழுத்தத்தில் அது வைக்கப்படுகிறது. ஒரு ஃபோட்டான் விடுவிக்கும் ஒரே எலக்ட்ரான் லட்சக்கணக்கான எலக்ட்ரான்களின் சரிவைத் தூண்டுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணையில் செய்யும் வெடியின் சத்தம், திரியைப் பற்றவைத்த தீ பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல. நுண்ணறையின் துடிப்பும் அப்படியே, எப்போதும் ஒரே அளவு. ஆனால் வெடியைப் போல அறை ஒரே முறையில் தீர்ந்துவிடுவதில்லை; அதோடு இணைந்த மின்தடை சரிவை உடனே அணைத்து, அறையை அடுத்த ஃபோட்டானுக்குத் தயாராக்குகிறது. துடித்த அறைகளின் கூட்டுத்தொகையே ஒளியின் அளவு.

நிறைகளும் குறைகளும்

குழாய்க்கு ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். சிலிக்கானுக்குப் பெரும்பாலும் நூறு வோல்ட்டுக்குள் போதும். காந்தப்புலம் இதைப் பாதிப்பதில்லை. மிகுந்த ஒளி பட்டால் குழாய் பழுதாகும். அதனால் நிலவு வெளிச்சமுள்ள பல இரவுகள் வீணாகின. சிலிக்கான் அந்த இரவுகளை மீட்டுத் தந்தது. ஒரு விண்பொருள் திடீரெனப் பிரகாசிக்கும்போது நிலவு மறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் தலையாய பயன்.

குறைகளும் உண்டு. ஒளியே படாதபோதும் வெப்பத்தால் பொய்த்துடிப்புகள் எழும். ஓர் அறையின் சரிவில் பிறக்கும் ஒளி பக்கத்து அறையையும் தூண்டும். வெப்பநிலை மாறினால் பெருக்கமும் மாறும். எனவே மின்னழுத்தத்தை இடைவிடாது திருத்த வேண்டும். செரன்கோவ் ஒளியில் நீலம் மிகுதி, இரவு வானின் பின்னணி ஒளியில் சிவப்பு மிகுதி. சிவப்பையும் நன்கு உணரும் சிலிக்கான் அந்தப் பின்னணியையும் சேர்த்தே வாங்குகிறது.

முன்னோடிக் கேமரா

ஸ்பெயினின் லா பால்மா தீவில் 2011 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய ‘ஃபாக்ட்’ தொலைநோக்கியே முழுக்க இவ்வகை உணரிகளால் ஆன கேமராவைத் தொடர்ந்து இயக்கிக் காட்டிய முன்னோடி. அதில் 1,440 படப்புள்ளிகள். முழுநிலவு நாளிலும் அது வானை நோக்கியது. சீனாவின் லாசோ ஆய்வகத் தொலைநோக்கிகளும் பின்னர் சிலிக்கானையே தேர்ந்தன.

இந்தியாவில்

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த 21 மீட்டர் விட்டமுள்ள ‘மேஸ்’ தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் கேமராவில் இருப்பவை 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். சிலிக்கான் வழியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 4 மீட்டர் அளவிலான தொலைநோக்கிக்கென 256 படப்புள்ளிக் கேமராவை உருவாக்கியது. குளிரில் பொய்த்துடிப்பு குறையும் என்பதால் ஹான்லே போன்ற உயர்ந்த பாலைநிலம் இவ்வுணரிக்கு ஏற்ற இடம்.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் பங்குண்டு. இந்தியாவின் தொடக்ககாலச் செரன்கோவ் ஆய்வுகள் உதகமண்டலத்தில் நடந்தன; 1980களில் அவை மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு மாறின. இன்று இதே வகைச் சில்லுகள் மதுரையில், நியூட்ரினோ திட்டத்தின் 85 டன் சிறுமாதிரிக் காந்தத்தைச் சுற்றி, மியூவான் துகள்களைக் கண்டறிந்து விலக்குவதற்காக அமைக்கப்படும் கருவியில் இடம்பெறுகின்றன. அங்கே அவை வானை நோக்குவதில்லை; பிளாஸ்டிக் ஒளிர்பட்டைகளில் மியூவான் எழுப்பும் மின்னலை உணர்கின்றன. 99.99 விழுக்காடு மியூவான்களை அடையாளம் காண்பது இலக்கு. சில்லுகளைச் சோதிப்பது, வெப்பத்துக்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்துவது, பொய்த்துடிப்பைப் பிரித்தறிவது ஆகிய மூன்றும் தொலைநோக்கிக் கேமராவுக்கும் வேண்டிய திறன்கள். விருதுநகர் மாவட்டத்து மாணவருக்கு அவற்றைக் கற்கும் களம் அண்டை நகரிலேயே உருவாகியிருக்கிறது.