வண்டிக்கேற்ற யந்திரம்

1925-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் கம்பெனி தன் டி மாடல் காரின் பின்புறத்தில் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தி, பிக்கப் என்ற பெயரால் 281 டாலருக்கு விற்க முன்வந்தபோது, அமெரிக்க விவசாயிகளில் பலருக்கு அது பெரிய புதுமையாகத் தோன்றியிராது. ஏனெனில் அதே காரியத்தை அவர்கள் தங்கள் களத்திலேயே ரம்பத்தையும் மரப்பலகையையும் கொண்டு முன்னமே செய்து வந்தார்கள். இருபது குதிரைசக்தி கொண்ட அந்த வண்டியின் யந்திரம் தேய்ந்துபோனால் அதே வகையில் இன்னொன்றைத் தேடிப்பிடித்து மாட்டுவார்களேயொழிய, எதை மாட்டுவது என்ற யோசனைக்கே அங்கு இடமிருக்கவில்லை. தேர்ந்தெடுத்தல் என்ற சிக்கல் பிறந்தது 1932-இல்தான்.

அவ்வருஷம் ஃபோர்டு கம்பெனி, எட்டு சிலிண்டர்களை வி வடிவத்தில் ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்த யந்திரத்தைச் சாமானியர் வாங்கும் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 221 கன அங்குலமும் 65 குதிரைசக்தியும் கொண்ட அது, முந்திய ஏ மாடலின் நான்கு சிலிண்டர் யந்திரம் தந்த நாற்பதைக் கண்டு நகைத்தது. ஆயினும் அந்த யந்திரத்துக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. எரிந்த வாயு வெளியேறும் பாதைகள் வார்ப்பின் ஊடாகவே சென்றமையால், அவற்றின் உஷ்ணத்தையும் ரேடியேட்டர் தாங்க வேண்டியிருந்தது. கோடையில் மேட்டுச்சாலை ஏறும்போது நீர் கொதித்துப்போவது அதன் உரிமையாளர் அறிந்த சமாசாரம். இவ்வளவு குறையிருந்தும் கலிபோர்னியாவின் வாலிபர்கள் இதையே நாடினார்கள். மியூரோக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப்படுகைகளில் வேகத்தைச் சோதித்த அவர்கள், இலகுவான பழைய ஏ மாடல் உடலுக்குள் இந்த வி8-ஐ இறக்கினார்கள். 1939-இல் மெர்குரி கார்களுடன் 239 கன அங்குலத்தில் 95 குதிரைசக்தி தரும் இதன் தமையன் வந்தபின், விபத்தில் நொறுங்கிய மெர்குரிகளுக்கு மதிப்பு ஏறிற்று.

இவர்கள் யந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது கம்பெனியின் விளம்பரங்களைப் படித்து அன்று. நம்மூரில் காயலான் கடை என்கிறோமே, அதன் பேருருவமான பழைய கார்க் கிடங்குகளில் எது மலிந்து கிடந்ததோ அதையே தேர்ந்தார்கள். சக்தி, அழகு முதலியவை பின்னால் வந்த நியாயங்கள் என்பது என் அபிப்பிராயம். 1949-இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே வைத்த புதுவகை வி8-களை வெளியிட்டன. காடிலாக்கின் யந்திரம் 160 குதிரைசக்தி தந்தது. ஆனால் காடிலாக்குகள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே அவை கிடங்குக்கு வருவதும் குறைவு.

1955-இல் ஷெவர்லே கொண்டுவந்த 265 கன அங்குல வி8 இக்கதையின் நாயகன் ஆனதற்குக் காரணமும் அதுவே. எட் கோலின் தலைமையில் உருவான அந்த யந்திரத்தில், வால்வுகளைத் தள்ளும் ராக்கர்கள் தகட்டிலிருந்து அச்சிட்டு எடுக்கப்பட்டவை. வார்ப்போ மெல்லிய சுவர்கொண்டது. அதனால் அந்தக் கம்பெனியின் ஆறு சிலிண்டர் யந்திரத்தைவிடவும் எடை குறைந்து நின்றது. (முதல் வருஷத்து யந்திரத்தில் எண்ணெய் வடிகட்டிக்கு இடமே விடப்படவில்லை என்பதும், விவரமறிந்தோர் அந்த வருஷத்தைத் தவிர்த்து 1956-ஐத் தேடியதும் இங்கே குறிப்பிடத்தக்கவை.) லட்சக்கணக்கில் விற்கப்பட்ட கார்களோடு அது கிடங்குகளை நிரப்பியபின், பழைய ஃபோர்டு பிக்கப்பின் மூக்கினுள்ளும் ஷெவர்லே யந்திரம் குடிபுகுந்தது. குலப்பெருமை பேசும் ஃபோர்டு பக்தர்களுக்கு இது அபசாரமாகவே பட்டது, இன்றும் படுகிறது.

பொருத்துவதில்தான் உண்மையான பரீட்சை. பழைய ஃபோர்டுகளில் பின்னச்சுக்குச் செல்லும் தண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டுக் கியர்பெட்டியோடு பிணைந்திருந்தமையால், பெட்டியை மாற்றாமல் யந்திரத்தை மட்டும் மாற்ற விரும்பியோர், இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்புத் தகட்டை வைத்துத் துளைகளை ஒத்துப்போகச் செய்தார்கள். ஷெவர்லேயின் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறத்தில் நிற்பதால் ஓட்டுநருக்கு முன்னுள்ள தகட்டுச்சுவரைச் சிலசமயம் குழிக்க வேண்டியிருந்தது. 1962-இல் வந்த ஃபோர்டின் சிறிய வி8-இல் அது முன்புறம் இருந்தது, ஆனால் அதற்குள் வழக்கம் வேரூன்றிவிட்டது. எல்லாவற்றிலும் மேலாக பிரேக் என்ற விஷயம் ஒன்றுண்டு. ஃபோர்டு கம்பெனி திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை ஏற்றுக்கொண்டதே 1939-ஆம் வருஷத்து வண்டிகளில்தான். அதற்கு முற்பட்டவற்றில் கம்பியும் நெம்புகோலுமே சக்கரத்தை நிறுத்தின. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை மறந்து, 160 குதிரைகளை இத்தகைய வண்டியில் பூட்டியவன் அவற்றை நிறுத்துவதைப் பற்றி நினைக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

பிற்காலத்தில் சர்க்காரும் இந்தத் தேர்வில் தலையிட்டது. கலிபோர்னியாவின் புகைவிதிகளுக்கு உட்பட்ட வண்டியில், வண்டியின் வருஷத்துக்கு முற்பட்ட யந்திரத்தை வைத்தல் ஆகாது. 1975-ஆம் வருஷமும் அதற்கு முந்தியதுமான வண்டிகள் மட்டும் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றன.

1997-இல் ஷெவர்லேயின் கார்வெட் காரோடு வந்த எல்எஸ் என்னும் புது யந்திரக் குடும்பத்திலும், சிலிண்டர் மையங்களுக்கிடையே 1955-இன் 4.4 அங்குல இடைவெளியே காக்கப்பட்டது. 1999-இலிருந்து அதே குடும்பத்தின் 4.8, 5.3 லிட்டர் யந்திரங்கள், கனத்த இரும்பு வார்ப்புடன், ஷெவர்லேயின் பிக்கப்புகளில் இடம்பெற்றன. ஒரு காலத்தில் காடிலாக்கின், மெர்குரியின் சிதைவுகளிலிருந்து உயிர் பெற்றுவந்த பிக்கப், தானே விபத்தில் மடிந்து, தன் 5.3 லிட்டர் யந்திரத்தையும் அதன் கணினியையும் வயர்க்கற்றையையும் பந்தயக் கார்களுக்கு ஈந்துவருகிறது. கிடங்குக்காரர் அவற்றைத் தனித்தனியே விற்கச் சம்மதித்தாலும், அனுபவமுள்ளவர் வயர்க்கற்றையை ஒருமுனையும் வெட்டாமல் முழுதாகவே கேட்டு வாங்குவார்.