தெருவைப் போட்டது யார்?

புதுச்சேரியில் வழி தவறுவது கஷ்டம்! கடற்கரைக்கு இணையாகச் சில தெருக்கள். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடும் வேறு சில தெருக்கள். சதுரங்கப் பலகை மாதிரி நறுக்கென்று இருக்கும். 'யாருப்பா இவ்வளவு அழகா போட்டது?' என்று ஆட்டோக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "வேற யாரு சார்... பிரெஞ்சுக்காரன்தான்!" என்பார். கைடும் அதையேதான் சொல்வார். ரொம்ப காலம் சரித்திரப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஆனால், நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சில பழைய வரைபடங்கள் வேறு கதை சொல்கின்றன.

அந்தக் கதையைக் கேட்க, முந்நூற்று முப்பது வருடங்கள் பின்னால் போகவேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் வைத்தது 1673-ல். பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக இந்தப் பகுதியை நிர்வகித்த ஷேர்கான் லோடிதான் அவர்களுக்கு இடம் கொடுத்தவர். அடுத்த வருடம் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் பொறுப்பேற்று, மெல்ல மெல்ல ஒரு வியாபாரத் தலத்தை உருவாக்கினார். துணி வாங்குவது, கப்பலில் ஏற்றுவது... இதுதான் தொழில். அவருக்குப் போட்டியாக, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் டச்சுக்காரர்கள். ஐரோப்பாவில் அப்போது பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் சண்டை. அங்கே அடித்துக்கொண்டால் இங்கே சும்மா இருப்பார்களா? 1693-ல் டச்சுக் கப்பல்கள் வந்து முற்றுகையிட்டன. மர்த்தேன் சரணடைந்தார். செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடம் முறைப்படி உரிமையும் வாங்கிவிட்டார்கள் டச்சுக்காரர்கள்!

அவர்கள் இங்கே இருந்தது ஆறே வருடம். 1697-ல் ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் ஏற்பட, 1699-ல் ஊரை மர்த்தேனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஒரு பாரா கிடைத்தால் அதிகம்.

ஆனால், இருந்த அந்த ஆறு வருடத்தை அவர்கள் வீணாக்கவில்லை. ஊரை அளந்தார்கள். 1694-ல் வரைந்த திட்டப்படத்தில் ஊர் எப்படி இருக்கவேண்டும் என்று கோடு போட்டுவிட்டார்கள்... நேர்நேரான தெருக்கள், அவற்றுக்கு நடுவே வீட்டு மனைகள்! ஏன் இவ்வளவு அக்கறை? துணிதான் காரணம். துணி வேண்டுமென்றால் நெசவாளி வேண்டும். நெசவாளி வந்து குடியேற வேண்டுமென்றால் வீடு வேண்டும், தெரு வேண்டும். நெசவுத் தொழிலில் தெரு என்பது நடப்பதற்கு மட்டுமா? பாவு நீட்டுவதும் அங்கேதானே!

இந்த டச்சு வரைபடங்களின் முக்கியத்துவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதுதான் இதில் வேடிக்கை. பெயர் ழான் தெலோஷ். புதுச்சேரியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து, இந்தியாவின் பழைய சாலைகள், பாலங்கள், கோட்டைகள் பற்றியெல்லாம் ஆராய்ந்தவர். 2019-ல் காலமானார். பதினேழாம் நூற்றாண்டு டச்சுப் படங்களை வைத்து, புதுச்சேரியின் நகர அமைப்பு எங்கே தொடங்கியது என்று அவர் எழுதிய நூலை, இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்டது. 'எங்க ஆளு போட்ட தெரு இல்லை இது' என்று சொல்ல ஒரு பிரெஞ்சு அறிஞருக்குத் தயக்கமே இருக்கவில்லை!

பழைய வரைபடத்தைப் படிப்பது ஒன்றும் சுலபமான வேலை இல்லை. முதல் சிக்கல், திசை. நம் பள்ளிக்கூட அட்லஸில் வடக்கு மேலே இருக்கும். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் அப்படி இருக்காது. கப்பலில் வந்தவன் கண்ணில் ஊர் எப்படித் தெரிந்ததோ அப்படி, கடலைக் கீழே வைத்து வரைந்திருப்பார்கள். அடுத்த சிக்கல், அளவு. மீட்டர் என்ற சங்கதியே அப்போது கிடையாது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் 'துவாஸ்'. ஒரு துவாஸ் என்பது நம் கணக்கில் சுமார் 1.95 மீட்டர். டச்சுக்காரர்களுக்கு வேறு கோல். எல்லாவற்றையும் ஓர் அளவுக்குக் கொண்டுவந்து, இன்றைய படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எதை எதோடு பொருத்துவது? கோட்டை போய்விட்டது. மதில் போய்விட்டது. கடைசியில் கைகொடுப்பது எது தெரியுமா? அந்தத் தெருக்கள்தான்!

கோட்டை எங்கே போனது என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஊரைத் திரும்பப் பெற்ற மர்த்தேன், ஐந்து முனைகளோடு ஒரு பெரிய கோட்டை கட்டினார். 1706-ல் முடிந்தது. பெயர் லூயி கோட்டை. இன்றைக்குக் குழந்தைகள் சறுக்குமரம் விளையாடும் பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமும்தான் அந்த இடம். கோட்டை ஐம்பத்தைந்து வருடம் நின்றது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். 'பொறுடா' என்று காத்திருந்த ஆங்கிலேயர்கள், 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்ததும் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார்கள். சென்னை கவர்னர் பிகட் உத்தரவின்படி கோட்டை, மதில், மாளிகைகள் எல்லாம் இடிக்கப்பட்டன. தோற்றுப்போன லாலிக்கு 1766-ல் பாரிஸில் மரண தண்டனை!

1769 ஜூனில் சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் இங்கே காத்திருந்தார். அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்ததே இடிபாடுகளின் மேல்தான். இடித்து எட்டு வருடமாகியும் ஊர் அந்த நிலையில் இருந்தது. (பாவம், அன்றைக்கென்று மேகம் மூடிவிட்டது... அது வேறு சோகக் கதை.)

ஆக, இன்று வார விடுமுறைக்கு வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களெல்லாம் 1765-க்குப் பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கட்டியவை. பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமாசாரம். அவற்றுக்கு முன்னால் இருக்கும் தெருக்கோடுகளின் தொடக்கமோ அதைவிடப் பழசு. வீட்டை இடிக்கலாம். ஆனால், திரும்பி வருகிறவன் பழைய அஸ்திவாரத்தைத் தேடித்தான் செங்கல் அடுக்குகிறான். தெரு பிழைத்துக்கொள்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோடுகளை நீட்டினார்கள், திருத்தினார்கள், பெயர் வைத்தார்கள், அழிக்கவில்லை.

ஊரைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஓடும் நான்கு சாலைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். மேற்கே அண்ணா சாலை, வடக்கே படேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரை. உள்ளே அத்தனையும் நேர்கோடாக இருக்க, ஓரம் மட்டும் ஏன் வளைகிறது? அது மதில் நின்ற இடம்! மதில் போனபின் அந்த வட்டமே பெரிய சாலையாகிவிட்டது. மதிலில் சென்னை வாசல், வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், கடலூர் வாசல் என்று நான்கு. வாசல்கள் இல்லை. வழுதாவூர் சாலை, வில்லியனூர் சாலை, கடலூர் சாலை என்று பெயர்கள் மட்டும் பஸ் ரூட்டில் உயிரோடு இருக்கின்றன.

வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லாது. அதை வரைந்தவன் ஆள வந்தவன். கோட்டையின் ஒவ்வொரு முனையையும் துல்லியமாக அளந்தவன், தறியில் உட்கார்ந்திருந்தவர் பெயரை எழுதி வைக்கவில்லை. 1748 செப்டம்பரில், ஆங்கிலேய முற்றுகையின்போது, டூப்ளே ஆட்சியில் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இன்று மாதா கோயில் இருக்கும் மிஷன் வீதிப் பக்கம்தான் அது இருந்தது. வரைபடங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு படத்தில் கோயில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, அவ்வளவுதான். அன்றைக்கு ஊரே எப்படித் தவித்தது என்று தெரியவேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும். படம் இடத்தைச் சொல்கிறது, பிள்ளைவாள் மனுஷர்களைச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் சரித்திரம்.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு?

2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த பழைய மேரி கட்டடம் சரிந்து விழுந்தது. ஊரே பதறியது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால், கட்டடம் விழுந்தால் பதறுகிற நாம், ஒரு வாய்க்கால் தூர்ந்தால் பதறுவதில்லை. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்கால் நமக்கு வெறும் சாக்கடை. சின்ன வாய்க்கால் வீதியில் நடப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை யோசித்திருப்பார்கள்? மழைத் தண்ணீருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் மிதந்தன. பழைய மதிலுக்கு வெளியே, வயலும் தோப்பும் நீர்வழியுமாக இருந்த பக்கத்தில் பிற்காலத்தில் முளைத்த குடியிருப்புகள் அவை. வீட்டுமனை வாங்குகிறவர் பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கிறார். பழைய வரைபடத்தையும் ஒருமுறை பார்த்தால் தேவலை!

முன்பெல்லாம் இதற்குப் பாரிஸுக்கோ தி ஹேக்குக்கோ போகவேண்டும். இப்போது பிரான்ஸ் தேசிய நூலகம் பல பழைய படங்களை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அண்ணா சாலையிலிருந்து கடலைப் பார்த்து நேராக நடந்து பாருங்கள். மஞ்சள் சுவர் வரும்போது அண்ணாந்து ரசியுங்கள், தப்பில்லை. ஒரே ஒரு நிமிஷம் குனிந்து தரையையும் பாருங்கள். ஊரிலேயே மூத்தது அதுதான்.